பேச ஒரு சாக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்தபின் சமூகக் கூடத்தில் நடந்த மாலைச் சந்திப்பில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். – செய்திமடல் குழு)

கழிவுநீர் மோட்டார் பற்றிய விவாதம் நீண்டுவிட்டதால் எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போய்விட்டது என்று செயலாளர் சார் இப்போதுதான் காதில் சொன்னார். பரவாயில்லை. அந்த மோட்டார் ஓடினால்தான் நாம் மூக்கைப் பொத்தாமல் இங்கே உட்கார முடியும்.

ஆளுக்கொரு ஊரில், அவரவர் வீட்டில் இருந்து வேலை பார்க்கும் குழுக்களில் மனிதர்களுக்குள் நெருக்கம் எப்படி வரும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு ஏன் இந்தத் தலைப்பைக் கொடுத்தார்கள் என்று யோசித்தேன். தினமும் காலை பதினொரு மணிக்குக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி தனியாகப் பேசுகிற பெண்மணி நான்தான். அதைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சில பேர் என்னைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் கேள்விப்பட்டேன். அது வேலை. அந்த நடைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொன்னாலே தலைப்புக்குப் போதும்.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒரு சிறு குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். நான் இங்கே. கோயம்புத்தூரில் மூன்று பேர், புனேயில் மூன்று பேர், தென்காசிப் பக்கம் ஒருவர், மணிலாவில் இரண்டு பேர், போலந்து நாட்டின் கிராக்கோவில் ஒருவர். எங்களுக்கென்று அலுவலகம் கிடையாது. நம் பிளாக்கிலேயே போன மாதம் சும்மா எண்ணிப் பார்த்தேன். 32 வீடுகளில் 19 வீடுகளில் குறைந்தது ஒருவராவது வாரத்தில் சில நாளேனும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். ஆகவே இது எனக்கு மட்டும் உள்ள கதை இல்லை.

தென்காசிப் பக்கத்துத் தம்பி குழுவில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று கூட்டம் என்றால் அதற்குள் நூற்றைம்பது கூட்டங்களுக்கு மேல் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் கெட்டிக்காரர். கேமராவைத் திறக்க மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஒருநாள் அவர் பேசும்போது பின்னால் ஒரு சத்தம். இரைச்சலும் நடுநடுவே உஸ் உஸ் என்று காற்று விடுகிற ஒலியுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளரும் அழைப்பில் இருந்தார். எனக்கு எரிச்சல். "உங்க பக்கம் என்ன மோட்டாரா ஓடுது? மைக்கை ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா வேற ரூமுக்குப் போயிட்டு வாங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். "சாரி மேடம்" என்றார். சத்தம் நின்றது.

ஆறு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி. மூன்று நாள் விடுப்பு வேண்டும், சொந்தக் காரணம். நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? எதுவும் எழுதவில்லை. கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை வேலை முறையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று புனேயில் இருக்கும் ஒரு பெண்ணிடம் அவர் கேட்டிருக்கிறார். எதற்கு என்று அந்தப் பெண் கேட்டதும், அப்பாவுக்குப் பதினாறாம் நாள் என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. நான் மோட்டார் என்று சொன்னது ஆக்சிஜன் இயந்திரம். அப்பா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு மாதமாக வேலை பார்த்திருக்கிறார். வேறு ரூமுக்குப் போகாததற்குக் காரணம், போனால் அப்பா கூப்பிடுவது கேட்காது.

உடனே போன் செய்தேன். ஏன் தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சொல்லக்கூடாதுன்னு இல்ல மேடம். யார்கிட்ட, எப்பச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

இதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி கேட்டேன். ஊர் பெயரும் தன் பெயரும் வராமல் சொல்லுங்கள் என்றார்.

அந்தப் போனை வைத்தபிறகு எனக்கு நம் வீட்டு நினைவுதான் வந்தது. 2022ல் என் மாமனார் இறந்தது விடியற்காலை நாலரை மணிக்கு. ஆறு மணிக்குள் எதிர் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் காபி வந்துவிட்டது. ஃப்ரீசர் பெட்டிக்கு யார் போன் செய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாட்ச்மேன் அண்ணன் லிஃப்டை எங்கள் தளத்திலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டார். மேல்வீட்டு அக்கா ஒன்றும் கேட்காமல் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் அழைத்துப்போய்த் தோசை ஊற்றிக் கொடுத்தார். இவர்களில் பாதிப் பேரின் முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. ஏ 204, சி 103 என்றுதான் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அந்தத் தம்பியின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் என் கணினியில் இருக்கின்றன. அவருக்கு ஒரு பிளாஸ்க் காபி கொண்டுபோக ஆள் இல்லை.

ஆகவே ஒருவரைப் பற்றிய விவரம் தெரிந்திருப்பது நெருக்கம் ஆகிவிடாது. அப்படியானால் நமக்குள் அது எங்கிருந்து வந்தது? யாரும் திட்டம் போட்டு வளர்க்கவில்லையே.

இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. அடுக்குமாடியில் இருக்கிற நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில், திருமணமான மாணவர்களுக்காக வெஸ்ட்கேட் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அதன் ஒரு பகுதியில் இரண்டு மாடிக் கட்டடங்கள். கீழே ஐந்து வீடு, மேலே ஐந்து வீடு. யாருக்கு எந்த வீடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. காலியானதைக் கொடுத்தார்கள். அங்கே யார் யாருக்கு நண்பர் என்று லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று உளவியலாளர்கள் கேட்டுப் பார்த்து 1950ல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஒரே தளத்தில் அடுத்த கதவில் இருப்பவரை நண்பராகச் சொன்னது 41 சதவீதம். நடுவில் ஒரு வீடு வந்தால் அது 22 சதவீதம். தளத்தின் இரண்டு கோடியில் இருப்பவர்களுக்குள் 10 சதவீதம்தான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூறடிகூட இல்லை. இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தவர்களுக்கு மேல்மாடியில் நண்பர்கள் அதிகம். அவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்பதால் இல்லை. மேலே போகிறவர்கள் எல்லோரும் அவர்கள் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நம் தெருவில் தண்ணீர் நின்று, மின்சாரம் போய், ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்த அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். லிஃப்ட் இல்லை. எட்டு மாடியும் நடை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்ற இடத்தில்தான் எனக்குப் பாதி பிளாக் அறிமுகமானது. ஐந்து வருடம் லிஃப்டில் தலையாட்டிவிட்டுப் போனவர்கள், அந்தப் படிக்கட்டில் குடத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டோம். புயல் வர வேண்டும் என்று சொல்லவில்லை. படிக்கட்டு செய்கிற வேலையைச் சொல்கிறேன்.

அலுவலகத்துக்கும் அந்தப் படிக்கட்டு இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இலவசக் காபி இயந்திரம் இருக்கும். அதை விட்டுவிட்டு வெளியே சாலையோர டீக்கடைக்குப் போவோம். டீக்காக மட்டுமா போனோம்? ஒருவர் முகம் சரியில்லை என்றால் "வாங்க, ஒரு டீ அடிச்சுட்டு வரலாம்" என்போம். பிரச்சினை என்ன என்று கேட்கவே வேண்டாம், பாதி டீயில் தானாக வரும். டீ ஒரு சாக்கு. பேனா கடன் கேட்பது ஒரு சாக்கு. பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால் அது பெரிய சாக்கு, நாலு பேர் கூடிவிடுவார்கள். நான் சொல்வது கோணிச் சாக்கு இல்லை, பிள்ளைகளே. பேசுவதற்கு ஒரு காரணம் போலக் காட்டிக்கொள்ள ஏதோ ஒன்று.

வீட்டிலிருந்து வேலை என்றதும் போனது இந்தச் சாக்குதான். வேலை போகவில்லை. சொல்லப்போனால் வேலை கூடியது. சீனாவின் ஷாங்காய் நகரில் சிட்ரிப் என்ற பயண நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூமோடு சேர்ந்து இதைச் சோதித்தது. கொரோனாவுக்கு வெகு முன்பே நடந்தது இது. ஆய்வு 2015ல் வெளியானது. கால் சென்டர் ஊழியர்களில் விருப்பம் தெரிவித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தார்கள். அவர்கள் வேலைத்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. அப்புறம், இனி உங்கள் விருப்பம், எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பாருங்கள் என்றபோது, சோதனையில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதலில் கேட்டதை மாற்றிக்கொண்டார்கள். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குத் திரும்பியவர்கள் சொன்ன முக்கியமான காரணம் தனிமை. பயண நேரம் மிச்சம், சம்பளம் அதே, வேலையும் நன்றாக நடக்கிறது. ஆனாலும் திரும்பிப் போனார்கள்.

2020ன் முதல் பாதியில் மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,000 பேருக்கு மேல் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஆராய்ந்ததும் அடுத்த ஆண்டு வெளியானது. எல்லோரும் வீட்டுக்குப் போனபின் அவரவர் குழுவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். ஒரு குழுவுக்கும் இன்னொன்றுக்கும் இடையே இருந்த பாலங்கள் மெலிந்தன. வெஸ்ட்கேட் கணக்குத்தான். கதவைத் தாண்டிப் போகிறவர் இல்லை.

சரி, அந்தத் தம்பி விஷயத்துக்குப் பிறகு நான் என்ன செய்தேன்? முதலில் எல்லா மேனேஜரும் செய்கிற முட்டாள்தனத்தைச் செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆன்லைன் தம்போலா. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், கேமரா திறந்திருக்க வேண்டும், சந்தோஷமாக இருக்க வேண்டும். நமக்கு மாலை ஐந்து என்றால் மணிலாவில் இரவு ஏழரை. அந்தப் பெண்ணுக்குக் குழந்தையைத் தூங்கவைக்கும் நேரம். கிராக்கோக்காரருக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். ஐந்தாவது வாரம் நான்கு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் எண்களை அடித்துக்கொண்டே வேலை பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது. ஒருவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியைச் சொல்கிறேன்.

கேமரா கட்டாயம் என்பதையும் வாபஸ் வாங்கினேன். கோயம்புத்தூரில் ஒரு பெண் மாமியார் வீட்டுச் சமையலறை மேடையில் மடிக்கணினியை வைத்து வேலை பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது. இன்னொருவர் நான்கு பேர் தங்கும் ஒரே அறையில். நாம் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறோம், அவர்கள் வீட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது. திரையில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் மேலாளர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். இந்தக் கூடத்திலேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.

எனக்கு வழி காட்டியது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை. இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், நம் சி பிளாக் பெரியம்மா. தொலைபேசித் துறையில் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை, லைட்னிங்குக்குக் காசு பல மடங்கு. ஒரு நாள் பார்க்கில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "நாங்க மட்டும் என்ன பக்கத்துப் பக்கத்துலயா உட்கார்ந்திருந்தோம்? மதுரையில இருக்கிறவளை நான் குரல்ல மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்றார்.

குரலில் பார்ப்பது! அவர் சொன்னது இதுதான். இரவுப் பணியில் இரண்டு மணிக்கு மேல் அழைப்புகள் குறையும். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது வேலை. அந்தச் சாக்கில் "மதுரை, திருச்சி பேசறேன், கேட்குதா?" என்று கூப்பிட்டு, கேட்குது என்று பதில் வந்ததும் சாப்பிட்டாச்சா என்று ஒரு வார்த்தை. சூப்பர்வைசர் காதில் விழுந்தால் திட்டு. ஆகவே எப்போதும் இரண்டே வார்த்தைதான். ஆனால் தினமும். மதுரைக்காரருக்குச் சளி பிடித்தால் இவருக்குத் தெரியும். குரல் ஒரு மாதிரி இருந்தால் என்னவென்று கேட்பார். இவருடைய கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து வாழ்த்துத் தந்தி வந்தது. அனுப்பியவரை இவர் நேரில் பார்த்தது அதற்கு ஏழு வருடம் கழித்து. பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதார்களாம். பெரியம்மா, நான் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். (அழவில்லை, சிரித்தோம் என்றார் பெரியம்மா. – குழு)

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலையை நிறுத்திவிட்டு, இப்போது பழகுவோம் என்று உட்காரவைத்தால் யாருக்கும் வாய் வராது. வேலைக்குள்ளேயே ஒரு இடைவெளி இருந்தால் பேச்சு தானாக வந்து உட்காரும். என் மேலதிகாரிகள் அப்படி இடைவெளி இருந்தால் அதை வீண் என்று சொல்லி நிரப்பப் பார்ப்பார்கள். நான் அதைத் திரும்ப உண்டாக்கப் பார்த்தேன்.

முதல் காரியம், ஒருவர் செய்யக்கூடிய சில வேலைகளை வேண்டுமென்றே இரண்டு பேருக்குக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் வார இறுதியில் என்னென்ன பிழைகள் வந்தன என்று பட்டியலைப் பார்க்கிற வேலை. ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் குறிப்பார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜோடி மாறும். பதினொரு பேரில் மிஞ்சுகிற ஒருவர் அந்த வாரக் குறிப்பை எழுதுவார். கணக்கில் பார்த்தால் இது நேர நஷ்டம். நானும் மேலே கணக்குக் காட்டச் சிரமப்பட்டேன். ஆனால் பக்கம் திறக்கக் காத்திருக்கிற அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதுதான் எங்கள் டீக்கடை. புனேக்காரருக்கு முதுகுவலி என்பதும், மணிலாக்காரர் வீட்டுக் கூரை புயலில் போனதும் அங்கேதான் வெளியே வந்தது.

இரண்டாவது, கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அழைப்பைத் திறந்துவைத்துவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வா என்று யாரையும் கூப்பிடுவதில்லை. முதல் இரண்டு வாரம் தனியாக உட்கார்ந்திருந்தேன், கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மூன்றாவது வாரம் கிராக்கோக்காரர் வந்தார். காபி கொதித்துக்கொண்டிருக்கிறது, சும்மா இருக்கிறேன் என்றார். இப்போது பெரும்பாலும் நான்கைந்து பேர் இருப்பார்கள். வராதவர்களை ஏன் வரவில்லை என்று ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டால் அது இன்னொரு தம்போலா ஆகிவிடும்.

மூன்றாவது, டிரான்ஸ்ஃபார்மர் நடை. வாரத்துக்கு ஒருவர் அல்லது இரண்டு பேரோடு, வீடியோ இல்லாமல், வெறும் குரலில். நானும் நடப்பேன், அவர்களும் நடப்பார்கள். எதிரே முகம் இல்லாதபோது மனிதர்கள் கொஞ்சம் தளர்ந்து பேசுகிறார்கள் என்பது என் அனுபவம். பெரியம்மாவின் குரலில் பார்க்கிற வித்தைதான். ஒருவர் சோர்ந்திருக்கிறாரா என்பது குரலில் தெரிந்துவிடும், முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொள்ளலாம்.

அலுவலகமே இல்லாத பெரிய நிறுவனங்கள் இதை வேறு வழிகளில் செய்கின்றன. கிட்லேப் என்ற நிறுவனம் தன் வேலைமுறை முழுவதையும் எல்லோரும் வாசிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் வேலைப் பேச்சு இல்லாமல் மற்றவர்களோடு காபி அரட்டைக்கு நேரம் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் உலகம் முழுவதும் உள்ள தன் ஊழியர்களை நேரில் கூட்டிச் சந்திக்க வைக்கும் வழக்கம் உள்ளது. எங்களுக்கு அவ்வளவு பணம் இல்லை. இரண்டு வருடம் கேட்டு, இந்தியாவில் இருக்கும் எட்டுப் பேருக்கு மட்டும் மூன்று நாள் சென்னைக்கு வர அனுமதி வாங்கினேன். மணிலாக்காரர்களும் கிராக்கோக்காரரும் விடுபட்டது இன்னும் எனக்கு உறுத்தல்தான். மூன்று நாள் கூட்டத்தில் என்ன பேசினோம் என்று யாருக்கும் நினைவில்லை. மாமல்லபுரம் போகும் வழியில் வேன் பஞ்சர் ஆகி, ஸ்டெப்னியிலும் காற்று இல்லாமல், இளநீர்க் கடையில் ஐம்பது நிமிடம் நின்றோம். அதைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் நெருங்கிப் பழகுவது என்றால் கேள்வி கேட்பது என்று ஆகிவிட்டது. கல்யாணம் ஆயிடுச்சா, ஏன் ஆகல, குழந்தை இல்லையா, யார்கிட்ட காட்டுறீங்க. அடுத்து, சொந்த ஊர் எது? அந்த ஊரில் எந்தத் தெரு? வீட்டில் கறி சமைப்பீர்களா? இந்தக் கேள்விகள் எங்கே போய் நிற்கும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். வீட்டிலிருந்து வேலை வந்ததில் இந்த விசாரணை நின்றதே நிம்மதி என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது நியாயம். அதனால் என் குழுவில் நான் கேட்பதைக் குறைத்துச் சொல்வதைக் கூட்டினேன். என் முழங்கால் வலி, பையனுடைய கணக்கு மதிப்பெண், நம் மோட்டார் விவகாரம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். சொல்ல விரும்புகிறவர்கள் திருப்பிச் சொல்வார்கள். விரும்பாதவர்கள் என் முழங்காலை விசாரித்துவிட்டுப் போகலாம், அதுவும் பழக்கம்தான்.

விடுப்பு கேட்டால் காரணம் கேட்பதில்லை, முன்பும் கேட்டதில்லை. ஆனால் கட்டைவிரல் போடுவதை விட்டுவிட்டேன். "எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஏதாவது வேண்டுமென்றால் இது என் சொந்த எண், எந்த நேரமானாலும் கூப்பிடலாம்" என்று எழுதுகிறேன். எழுத இருபது விநாடி ஆகிறது. மூன்று வருடத்தில் இரண்டு பேர் அந்த எண்ணில் கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டும் நள்ளிரவுக்கு மேல்.

அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க முடியாது. போகவில்லை. ஒரு வருடம் பிடித்தது. மேடம் எப்போது அக்கா ஆனது என்று எனக்கு நினைவில்லை, எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது.

போன வாரம் அவர் ஊரில் கோவில் கொடை. வேலை நேரத்தில் நையாண்டி மேளம் தெருவுக்கே வந்துவிட்டது. அவர் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "அக்கா, சாரி, மியூட் பண்ணிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். மணிலாக்காரர் அது என்ன வாத்தியம் என்று கேட்டார். தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து கேமராவைத் திருப்பினார். அவர் வீட்டு வாசலை நாங்கள் முதல்முறையாகப் பார்த்தோம். தவில்காரர் எங்களைப் பார்த்துவிட்டு இரண்டு அடி சேர்த்து அடித்தார். அவருடைய அம்மா பின்னால் வந்து நின்று, யாருடா இவங்க எல்லாம் என்று கேட்டார்கள். வாடிக்கையாளர் அன்றைக்கு அழைப்பில் இல்லை, அது என் அதிர்ஷ்டம். கூட்டம் இருபது நிமிடம் தாமதமாக முடிந்தது.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்விகள் இருந்தால் கையில் டம்ளரோடு கேளுங்கள்.